ஒருத்திக்குப் பதினேழு ஊர்

மகள் கல்யாணத்துக்குக் கட்டிய ஃபிளெக்ஸில் வெயிலுமுத்து தன் தங்கச்சியின் படத்தைப் போட்டார். அதோடு நின்றிருந்தால்கூட ஏதோ போகட்டும் என்று விட்டுவிடலாம். மனுஷர் படத்துக்குக் கீழே ஊரையும் உத்தியோகத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டார்.

ஏன் போட்டார்? சம்பந்தி வீட்டார் போட்டார்கள், அதனால் இவரும் போட்டார். மாப்பிள்ளை பக்கத்துப் படங்களுக்குக் கீழே 'சிங்கப்பூர்', 'கப்பல் என்ஜினீயர்', 'மாவட்டக் கல்வி அலுவலகம்' என்று வரிசை கட்டி நிற்க, பெண் வீட்டுப் பக்கம் வெறும் பெயர்களாக இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. கோவில்பட்டியில் முப்பது வருஷமாக ஊர் உலகத்துக்கெல்லாம் ஃபிளெக்ஸ் அடித்துக் கொடுக்கிறவர் சொந்த மகள் கல்யாணத்தில் இளைத்துப் போவதா? உட்கார்ந்தார், அடித்தார். 'தெய்வானை, மணமகளின் அத்தை, ரோஜாப் பண்ணை மேற்பார்வையாளர், ஓசூர்.'

ஃபிளெக்ஸ் என்று நாம் சொல்கிறோமே தவிர, அந்தப் பழைய பிளாஸ்டிக் எல்லாம் ஒழிந்து வருஷக்கணக்காகிறது. இப்போது ஒளித்துணிதான். கம்பத்தில் கட்டிய நிமிஷம் அது ஊர் வலையோடு தானாகச் சேர்ந்துகொள்ளும். யாராவது கிட்டே போனால் படத்தில் இருக்கிற அத்தனை பேரும் கைகூப்பி வணக்கம் சொல்வார்கள். துணி மாறிவிட்டது, சனங்கள் மாறவில்லை. யார் படம் பெரிசு, யார் படம் ஓரத்தில், யார் பெயர் விட்டுப்போயிற்று என்ற சண்டையெல்லாம் அப்படியே இருக்கிறது.

தெய்வானை கல்யாணத்துக்கு வரவில்லை. வர முடியாது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் அரியமுத்து அவள் இடது கையை முறித்துப் போட்டான். உடுத்திய சேலையோடு வெளியேறியவள் எங்கெங்கோ சுற்றி, கடைசியில் ஓசூரில் ஒரு ரோஜாப் பண்ணையில் போய் ஒண்டினாள். அவன் அவளை நெருங்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவு உண்டு. தேடக் கூடாது என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. அவள் இருக்கிற ஊர் வெயிலுமுத்துவுக்கும் அவர் மனைவி ராமலெட்சுமிக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் கேட்டால் வெளியூரில் வேலை என்று மென்று முழுங்கிவிடுவார்கள். அப்படிக் கட்டிக் காத்ததை, நேரில்தான் வர முடியவில்லை, படமாவது மண்டபத்து வாசலில் நிற்கட்டுமே என்ற ஆசையில் அவரே அவிழ்த்துக் கொட்டிவிட்டார்.

கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் மண்டபத்து வாசலில் நின்று ஃபிளெக்ஸை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது தெய்வானை கூப்பிட்டாள்.

"அண்ணே, கோர்வையில என்னை யாரோ தேடுதாங்க. சேதி வந்திருக்கு."

 கோர்வை என்பது என்ன என்று இந்தக் காலத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு முகத்தைக் காட்டி இவர் எங்கே இருக்கிறார் என்று யார் கேட்டாலும் போதும். வலையில் கிடக்கிற கல்யாணப் படம், கடைவாசல் காமிரா, பரீட்சை முடிவு, பஸ் டிக்கெட் என்று துண்டு துண்டாகக் கிடப்பதையெல்லாம் பொறுக்கி ஒன்றாகக் கோத்து, இந்த ஊரில் இருக்க நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று கணக்குப் போடும். தொண்ணூறு வரும் வரைக்கும் வாயைத் திறக்காது. தொண்ணூறு வந்துவிட்டால் தெருவையும் கதவு எண்ணையும் கேட்டவன் கையில் கொடுத்துவிடும். கேட்டவன் யார், எதற்குக் கேட்கிறான் என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. தேடப்படுகிறவருக்குச் சட்டம் ஒரே ஒரு சலுகை தந்திருக்கிறது. தன்னைப் பற்றிய கணக்கை அவர் பார்த்துக்கொள்ளலாம்.

"ஓசூருக்கு நேர நாலுதான் இருந்துச்சு, நாலு வருஷமா," என்றாள் தெய்வானை. "இன்னைக்கு எழுபத்தொண்ணுன்னு காட்டுது. நீ ஃபிளெக்ஸ்ல என் படத்தைப் போட்டியா?"

அவர் கையில் பாதி சுருட்டிய துணி இருந்தது. அதற்குள்ளிருந்து தெய்வானை அவரைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தாள். போட்டேன் என்றார். ஊரையுமா என்று கேட்டாள். ஊரையும்தான் என்றார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"நாலு வருஷம்ணே. இப்பத்தான் கதவைத் தாழ்ப்பாப் போட்டா தூக்கம் வருது. இன்னொரு ஊருக்கு ஓட என்னால ஆகாது."

அன்றைக்கே வெயிலுமுத்து திருநெல்வேலிக்கு ஓடினார். அங்கே மறதி அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. வலையில் ஏறிவிட்டதை இறக்கச் சொல்லி மனு வாங்குகிற இடம். அங்கே இருந்த ஜெபராணி என்ற அதிகாரி அவர் சொன்னதைக் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு திரையைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அந்த ஃபிளெக்ஸின் முன்னால் நின்று படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டிருந்தார்கள். நானூற்றுச் சொச்சம் படங்கள், ஒவ்வொன்றிலும் ஓரத்தில் தெய்வானை. உறவுக்காரர்களின் பாசம் அப்படி.

"அழிச்சுத் தரலாம் சார்," என்றாள் ஜெபராணி. "நாப்பது நாள் ஆகும். ஆனா மனு போட வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்."

"ஏம்மா?"

"அழிக்கிறதையும் கோர்வை பாத்துக்கிட்டுத்தான் இருக்கும். பொய்யா இருந்தா எவன் மெனக்கெட்டு அழிக்கச் சொல்லுவான்னு எடுத்துக்கும். மனுப் போட்ட அன்னைக்கே தொண்ணூறு தாண்டிரும்."

அப்படியானால் இந்த ஆபீஸ் எதற்கு என்று அவருக்குக் கோபம் வந்தது, கேட்டும்விட்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வருகிறவர்கள் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் அவர்கள் மனசு ஆறுகிறது, அதற்குத்தான் என்றாள். அப்புறம், எழுந்து போகிறவரைப் பார்த்து மெதுவாக இன்னொன்றும் சொன்னாள்.

"கோர்வைக்கு ஃபிளெக்ஸ்னா ரொம்ப நம்பிக்கை சார். மத்த இடத்துல எல்லாம் சனங்க புளுகுவாங்க. ஃபிளெக்ஸ்ல சொந்தக்காரங்க பேரையோ ஊரையோ தப்பாப் போட்டா சண்டை வந்துரும்ல, அதனால அதுல இருக்கது அத்தனையும் உண்மைன்னு படிச்சு வச்சிருக்கு."

பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் வெயிலுமுத்துவுக்கு அந்த வார்த்தைதான் காதில் ஓடியது. கயத்தாறு தாண்டும்போது சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அழிக்கத்தானே முடியாது? சேர்க்கலாமே. அந்த இயந்திரம் நம்புகிற ஒரே காரியத்தை முப்பது வருஷமாகச் செய்துகொண்டிருப்பவர் யார்? சாட்சாத் அவர்தான்.

வெள்ளிக்கிழமை முகூர்த்த நாள். கடையில் பத்தொன்பது ஆர்டர் இருந்தது. சடங்கு, காதுகுத்து, புதுமனை, கல்யாணம் என்று எல்லாம் கலந்து. அத்தனையிலும் தெய்வானையை ஏற்றிவிடுவது என்று முடிவுகட்டினார். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் பிரதி என்று கோர்வை தள்ளிவிடும். ஆனால் கறுத்தவரைச் சிவப்பாக்கி, லுங்கி கட்டியவருக்குக் கோட்டுப் போட்டு, செத்துப்போனவரைச் சிரிக்க வைப்பதுதானே அவர் தொழில்? ஒன்றில் பட்டுச்சேலை, ஒன்றில் கண்ணாடி, ஒன்றில் நரைத்த முன்மயிர். கழுத்து வெறுமையாக இருந்த படத்துக்கு ஒரு அட்டிகையும் இரட்டை வடச் சங்கிலியும் போட்டுப் பார்த்தார். வீட்டை விட்டு வந்த அன்று அவள் கழுத்தில் ஒன்றுமே இல்லாதது ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

முதலில் யாரிடமும் சொல்லாமல் நைசாகச் செருகிவிடலாம் என்றுதான் பார்த்தார். நடக்குமா? மகள் சடங்குக்கு ஃபிளெக்ஸ் சொல்லியிருந்த கோமதிநாயகம் என்ற அம்மாள் மாதிரியைப் பார்க்க வந்தாள். அறுபத்திரண்டு முகம் இருந்த படத்தில் அவள் விரல் நேராக அந்த ஒரு முகத்தில் போய் நின்றது.

"இது யாரு அண்ணாச்சி?"

வெயிலுமுத்து தடுமாறினார். ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு என்று ஆரம்பித்தார். அந்தம்மாள் விரலை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார். நாலு வருஷமாக ராமலெட்சுமியிடம்கூட முழுசாகப் பேசாததை, ஃபிளெக்ஸ் அடிக்க வந்த ஒருத்தியிடம் கடையில் நின்றபடி சொல்ல வேண்டியிருந்தது.

"என் தங்கச்சிம்மா. புருஷன் அடிச்சான்னு மூணு தடவை எங்க வீட்டுக்கு ஓடி வந்தா. மூணு தடவையும் நான்தான் சமாதானம் பேசி, கூட்டிட்டுப் போய் அவன் வீட்டுலயே விட்டுட்டு வந்தேன். நாலாவது தடவை அவ என்கிட்ட வரலை. கை முறிஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தா."

கோமதிநாயகம் குனிந்து படத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். "பெரியம்மான்னு போடுங்க. எங்க அக்கா சாயல் இருக்கு. ஊரு தேனின்னு போட்டுக்கிடுங்க," என்றாள். பிறகு போகிற போக்கில், ரெண்டாவது வரிசையில் வேண்டாம், முதல் வரிசைக்குக் கொண்டுவாருங்கள், ஓரத்தில் போட்டால் சொந்தம் என்று யார் நம்புவார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். வெயிலுமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாரும் கோமதிநாயகம் ஆகிவிடுவார்களா? ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அந்த ஆள் தேடிக்கொண்டு வந்தால் நம் வீட்டு வாசலில்தானே வந்து நிற்பான், வீட்டில் வயசுப் பெண்கள் இருக்கிறார்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. தங்கச்சியைக் காப்பாற்றுகிற அவசரத்தில் மற்றவர்கள் தலையில் என்ன வந்து விழும் என்பதை வெயிலுமுத்து யோசித்திருக்கவில்லை. அதிலிருந்து ஒவ்வொருவரிடமும் முதலிலேயே சொல்லிவிட்டார். இவன் இப்படிப்பட்டவன், கேட்டு வந்தாலும் வரலாம், வேண்டாம் என்றால் எனக்கு வருத்தமில்லை. வாத்தியாரோடு சேர்த்து மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். பதினாறு பேர் போடுங்கள் என்றார்கள். அதிலும் சிலர் போட்டிபோட்டுக்கொண்டு உறவு சொன்னார்கள். தெய்வானை காரைக்குடியில் சித்தி ஆனாள், பழனியில் நாத்தனார் ஆனாள், நாகர்கோவிலில் ஒன்றுவிட்ட அக்கா ஆனாள், விழுப்புரத்தில் பள்ளிக்கூட ஹெட்மிஸ்டிரஸ் ஆனாள்.

வியாழக்கிழமை மத்தியானம் கணக்கு எண்பத்தாறு. கல்யாண வீடியோவை யாரோ புண்ணியவான் முழுசாக ஏற்றிவிட்டிருந்தான். சாயங்காலம் கடை வாசலில் ஜெபராணி வந்து நின்றாள். ஆபீஸ் விஷயமாக வந்திருக்கிறாளோ, எல்லாம் தெரிந்துபோயிற்றோ என்று வெயிலுமுத்து அவசரமாகத் திரையை அணைத்தார். அவள் பாளையங்கோட்டையில் கட்டியிருக்கிற வீட்டுக்கு நாளைக்குக் குடிபுகுகிற பிரதிஷ்டை ஜெபம் என்றும், ஒரு சின்ன ஃபிளெக்ஸ் வேண்டும் என்றும் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்க ஆளுங்க பக்கத்துல ஒரு படத்துக்கு இடம் இருக்குல்ல சார்? பேரைப் பத்திக் கவலைப்படாதீங்க. எங்க அத்தை ஒருத்தங்க பேரும் தெய்வானைதான், ஞானஸ்நானத்துக்கு முந்தி."

அதோடு பதினேழு ஆயிற்று.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பதினேழு இடத்திலும் துணி ஏறியது. வெயிலுமுத்து போனைக் காதில் வைத்துக்கொண்டு கடையிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் தெய்வானை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். தொண்ணூறு வந்தால் எந்த பஸ் முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறிவிடுவதாக ஏற்பாடு.

ஏழரைக்கு எண்பத்தொன்பது என்றாள்.  இறங்க வேண்டியது ஏறுகிறதே. அந்த முகத்தை இன்னும் பல இடத்தில் பார்த்ததும் அதற்கு உற்சாகம் கூடிவிட்டதோ என்னவோ. பஸ்ஸில் ஏறிவிடட்டுமா என்று அவள் கேட்டாள்.  ஏறச் சொன்னால் நாலு வருஷம் போயிற்று, இருக்கச் சொன்னால் உயிரே போகலாம். ஏற்கெனவே மூன்று தடவை அவளுக்கு வழி சொன்னவர் அவர். நீயே முடிவு பண்ணு தாயி, நான் சொல்ல மாட்டேன் என்றார். அவள் ஒரு பஸ்ஸை விட்டாள். இன்னொரு பஸ்ஸை விட்டாள்.

"எண்பதுண்ணே," என்றாள் திடீரென்று. கொஞ்ச நேரத்தில் அறுபத்திரண்டு என்றாள். பத்து மணிக்கு நாற்பத்தேழு. அங்கே வந்து நின்றுவிட்டது.

நின்றது நின்றதுதான். சனிக்கிழமையும் நாற்பத்தேழு. ஜெபராணியிடம் கேட்டபோது, இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் ஓசூர் இன்னும் முதல் இடத்தில்தான் இருக்கிறது, நாளைக்கு எவராவது இன்னொரு படத்தை ஏற்றினால் மறுபடி ஏறும் என்று சொன்னாள். தெய்வானை அறைக்குத் திரும்பியிருந்தாள், ஆனால் பையைப் பிரிக்கவில்லை. வெயிலுமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் பதினேழு பேரை எங்கே போய்ப் பிடிப்பது?

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவள் கூப்பிட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஓசூருக்கு நேர மூணுதான் இருக்குண்ணே. நீ எத்தனை ஃபிளெக்ஸ் போட்ட?"

"பதினேழு."

"உன் மக கல்யாண ஃபிளெக்ஸ் போக, இங்க பதினெட்டு இருக்கு."

எந்த ஊர் என்று கேட்டார். அவள் படித்துக் காட்டினாள். காதணி விழா. புளியங்குளம். முதல் வரிசையில் நடுவில், 'தெய்வானை, அன்பு அத்தை, புளியங்குளம் மேலத்தெரு'.  புளியங்குளம் அரியமுத்துவின் ஊர். மேலத்தெரு அவன் வீடு இருக்கிற தெரு. காது குத்தப்பட்ட பிள்ளை, அவன் கூடப்பிறந்த தங்கை சொர்ணக்கிளியின் பிள்ளை.

அவனுடைய ஆட்கள் ஏதோ வலை விரிக்கிறார்கள், நீ உடனே கிளம்பு என்று பதறினார். தெய்வானை பதறவில்லை.

"புளியங்குளத்துக்குத் தொண்ணூத்திரெண்டு காட்டுதுண்ணே. என் கல்யாணப் பதிவு, ரேஷன் கார்டு எல்லாம் இன்னும் அந்த வீட்டு விலாசத்துலதான் கெடக்கு. ஃபிளெக்ஸும் சேர்ந்ததும் கோர்வை முடிவே பண்ணிருச்சு. இனிமே அவன் எத்தனை தடவை கேட்டாலும் அவன் வீட்டுக் கதவு நம்பரைத்தான் சொல்லும்."

வெயிலுமுத்துவுக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும், அப்பாடா என்று அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அஞ்சு நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் அப்படியே போயிற்று. ஆனாலும் ஒன்று விளங்கவில்லை. அந்தச் சொர்ணக்கிளி எதற்காக இதைச் செய்ய வேண்டும்? அண்ணன் கேட்டால் என்ன சொல்லுவாள்?

"அண்ணி படம் இல்லாம காதணி வச்சா ஊரு ஒரு மாதிரிப் பேசும், அதான் போட்டேன்னு சொல்லுவா. அவனுக்கு ஊரு வாய்க்கு மட்டும்தான் பயம். யாரு வீட்டு ஸ்டேட்டஸ்லயோ நான் தேனியில பெரியம்மாவா நிக்கதைப் பாத்ததுமே அவளுக்கு வெளங்கியிருக்கும்." தெய்வானை இன்னொன்றும் சொன்னாள். "அவதாண்ணே அன்னைக்குப் பின்வாசலைத் திறந்து விட்டவ. நான் வெறுங்காலோட நின்னேன். தன் செருப்பைக் கழட்டிக் குடுத்து, திரும்பிப் பாக்காமப் போங்க மதினின்னு சொன்னா."

 அந்தக் குடும்பத்து ஆட்கள் பெயரைக் கேட்டாலே நாலு வருஷமாக வெயிலுமுத்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார். சொந்த அண்ணன் மூன்று தடவை கொண்டுபோய் விட்ட வீட்டில், புருஷனின் தங்கை கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலே நிம்மதியாக இருந்தது.

"இதை ஏன் தாயி இத்தனை நாளா என்கிட்டச் சொல்லலை?"

"சொல்லியிருந்தா, நன்றிக்கடன்னு சொல்லி அவ படத்தையும் உன் மக கல்யாண ஃபிளெக்ஸ்ல போட்டிருப்ப," என்றாள் தெய்வானை.

அப்படியெல்லாம் போட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தார் வெயிலுமுத்து. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அந்தப் பக்கம் தெய்வானை சிரித்தாள். பிறகு, ரெண்டாவது ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, அதற்குள் பையைப் பிரித்துச் சேலைகளை அலமாரியில் அடுக்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தாள்.